இரண்டாம் பக்கம் இல்லாத பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாமி வருவது, பேய் பிடிப்பது எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றுதான் சொல்கிறேன், முன்பு கிடையாது இப்போது உண்டு என்று சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு முடித்ததும் "பாத்தியா சரோஜா, நீயும் மாறிட்ட" என்று சொல்ல நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நான் மாறவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இத்தனைக்கும் என் வீட்டுக்காரரே சாமியை அழைத்துப் பாடுகிறவர்தான். பெயர் மாரி. கூலாய் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்து முனியாண்டி கோயிலில் திருவிழா என்றால் லோரியை ஓரங்கட்டிவிட்டு, உறுமி அடிக்கிறவர்களுக்கு நடுவே போய் நின்றுகொள்வார். அவர் அழைத்துப் பாடினால் யார் மேலாவது சாமி இறங்கும், ஆடும், வாக்குச் சொல்லும். எல்லாம் ஆனபின் அதே மனிதர் இன்னொரு பாட்டுப் பாடி அதைத் திருப்பி அனுப்புவார். மலையேற்றுவது என்பார்கள். அழைத்த வாய்தான் அனுப்பியும் வைக்க வேண்டும், பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, அது அவர்கள் சட்டம். நான் கோயிலுக்குப் பின்னால் அடுப்படியில் அன்னதானத்துக்குச் சோறு கிண்டிக்கொண்டிருப்பேன், எனக்கு எல்லாம் காதில் விழும், எட்டிப் பார்த்தால் கண்ணிலும் படும். "நீங்க கூப்புட்டா முனியாண்டி வர்றாரு, நான் கூப்புட்டா மட்டும் நீங்க வர மாட்டேங்கிறீங்களே" என்று கேலி செய்வேன். தொண்டையை ஒரு தரம் செருமிக்கொண்டு சிரிப்பார். பாட ஆரம்பிக்கும் முன்னாலும் அதே செருமல்தான்.

ஒரு நாள் லோரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். என் மகள் ஷாமினி அப்போது இடைநிலைப்பள்ளிப் பிள்ளை. சாம்பலைக் கடலில் கரைக்கப் போனபோது அவருடைய அக்கா, ராணி அண்ணி, என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். கோயில் கொட்டகையில் யாரோ பதிவு செய்து கொடுத்த ஒரு கேசட் எங்கள் வீட்டில் இருந்தது, ஏ பக்கத்தில் அழைப்புப் பாட்டு, பி பக்கத்தில் மலையேற்றம். அதையும் சேர்த்துக் கடலில் போடச் சொன்னார்.

"சாமியக் கூப்பிட்ட வாய் அது சரோ. ஆளே போயிட்டான், குரல மட்டும் வீட்டுல வெச்சிருக்கக் கூடாது."

"வெச்சிருந்தா என்னா ஆகும் அண்ணி?"

"கேள்வி கேட்காதம்மா. போடு."

நான் போடவில்லை. மனுஷரையே கொடுத்தாகிவிட்டது, இதையும் ஏன் கொடுக்க வேண்டும்? அன்றிலிருந்து அண்ணிக்கும் எனக்கும் ஒரு மாதிரியான பேச்சுதான், நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம், அதற்கு மேல் இல்லை. பிறகு நான் ஷாமினியை அழைத்துக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்துவிட்டேன், கேசட்டும் பிஸ்கட் டின்னுக்குள் எங்களோடு வந்தது.

வருஷங்கள் ஓடின. ஷாமினி சிங்கப்பூர் வேலைக்குப் போக ஆரம்பித்தாள், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டியபின் வருவாள். கல்யாணம் நிச்சயமானது, பையனுக்கு ஊர் குளுவாங். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பதறிப்போய் மாப்பிள்ளை ஏதும் சொன்னாரா என்று கேட்டேன்.

"இல்லம்மா. அப்பா குரல் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பார்த்தேன். வரமாட்டேங்குதும்மா. முகம் வருது, சட்டை வருது, லோரி வாசம்கூட வருது. குரல் மட்டும் வரல."

நான் போய் பிஸ்கட் டின்னை எடுத்துவந்தேன். அவர் காலத்தில் எங்களிடம் இருந்தது பட்டன் போன், அதில் பேசத்தான் முடியும். படம் எடுக்கிறேன் என்றால் ஓடிப் போகிற ஆள் அவர். அவர் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு கேசட்டில்தான். டின்னைத் திறந்து பார்த்தால், நம்ம ஊர் ஈரம் தெரியுமே, நாடா ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

பிள்ளை தாலி கட்டிக்கொண்டு போவதற்குள் அதை சிடியில் ஏற்றிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஏன் சிடி, போனில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எங்கள் கார் பழைய கார், அதில் சிடிதான் போடும். போதாக்குறைக்கு என் போனில் ஒரு தடவை எல்லாம் அழிந்துபோனது, அதிலிருந்து எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் இருக்க வேண்டும்.

பழைய சாமான் கடையில் ஒரு கேசட் டெக் வாங்கினேன். ஷாமினி அதை மடிக்கணினியோடு ஒயர் போட்டு இணைத்து, எந்தப் பட்டனை அழுத்தினால் பதியும், எதை அழுத்தினால் சிடியில் எழுதும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு டெக்கின் தலையைத் துடைத்தேன். பென்சிலைச் செருகிச் சுற்றிச் சுற்றி நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துப் பூஞ்சணத்தைத் துடைத்தேன். நகம் பட்டால் போச்சு, மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன்.

ஏ பக்கத்தைப் போட்டேன். இரைச்சல். பிறகு உறுமி. பிறகு அந்தச் செருமல்.

சொன்னால் சிரிக்காதீர்கள், நான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றுவிட்டேன். அவர் வாசலில் வந்து நிற்கிறார் என்றுதான் உடம்பு நினைத்தது. "செம்பனக் காட்டுக் காவக்காரா, எந்திரிச்சு வாடா, லயத்து வாசல் காத்தவனே, எறங்கி வாடா" என்று அவர் பாட ஆரம்பித்தார், எல்லாம் அவரே கட்டிய பாட்டு. நான் நின்றபடியே அழுதேன். அழுதுகொண்டே திரையில் கோடு ஏறி இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். ஏ பக்கம் முழுக்க ஒரு சொல் கெடாமல் பதிந்துவிட்டது.

கேசட்டைத் திருப்பி பி பக்கத்தைப் போட்டேன். உறுமி நாலு அடி அடித்திருக்கும், டெக் நாடாவைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. குரல் இழுத்துக்கொண்டு போய் நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் உருளையில் நாடா கொத்தாகச் சுற்றிக்கிடக்கிறது. மெதுவாக இழுத்தேன், வரவில்லை. இன்னும் மெதுவாக இழுத்தேன், பட்டென்று அறுந்தது. அந்த மிஷினை நான் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒட்டுவதற்கு வழி இல்லை, நாடா நசுங்கிச் சுருண்டு பொடியாக உதிர்ந்தது.

சரி, பாதியாவது கிடைத்ததே என்று ஏ பக்கத்தை மட்டும் சிடியில் எழுதினேன். எழுதி முடிந்து வெளியே தள்ளியபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், "வந்த சாமி வந்தபடியே இருக்கட்டும், என்னா இப்போ" என்று. விளையாட்டாகத்தான் சொன்னேன். நம்பாதவள் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கூலாய்க்குப் போய் ராணி அண்ணிக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டும். நமக்குள் ஆயிரம் இருந்தாலும் பிள்ளைக்கு அவர் அத்தை, தட்டு வைத்து அழைக்காமல் முடியுமா? தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சேலை, எல்லாம் தட்டில் அடுக்கி, காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் வைத்தோம். ஷாமினி கார் ஓட்டினாள், நான் பக்கத்தில். நாங்கள் குடியிருக்கும் தாமானை விட்டு வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து சிடியை எடுத்துப் போட்டேன். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செருமல் கேட்டதும் அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். "மா... இதான்மா. இதான்மா எங்கப்பா" என்று ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னும் பத்து டெக்கை வாங்குவேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினோம், நெடுஞ்சாலையில் ஏறினோம்.

இங்கேதான் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கேசட்டுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் முடிந்தால் டக்கென்று நிற்கும், நாம் திருப்பிப் போடுவோம், அழைத்தது முடிந்து அனுப்புவது வரும். சிடி அப்படி இல்லை. காரில் போட்டால் முடிந்த கையோடு அதுவாகவே முதலிலிருந்து ஆரம்பிக்கும். அழைப்பு முடிந்தது, மறுபடி அழைப்பு. அதுவும் முடிந்தது, மறுபடி அழைப்பு. வாடா, வாடா, வாடா என்று அந்த மனிதர் நிறுத்தாமல் அழைத்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு அது கேட்கக் கேட்க இனித்தது, நிறுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

டோல் தாண்டிய பிறகு கார் இழுக்கவில்லை. "மா, டயர் பஞ்சரா?" என்றாள் ஷாமினி. சாலையில் சின்ன மேடு வந்தாலும் பின்பக்கம் கீழே தட்டியது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன், என் குடையும் ஒரு தண்ணீர் போத்தலும்தான் கிடந்தன. அப்போதுதான் பிள்ளையின் தோளைக் கவனித்தேன். இரண்டு தோளும் உறுமி அடிக்குச் சரியாகக் குலுங்கிக்கொண்டிருந்தன. அடுப்படியிலிருந்து ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறேன், சாமி இறங்குகிறவர்களுக்கு முதலில் அப்படித்தான் ஆகும். பல்லைக் கடித்திருந்தாள். கண் சாலையில்தான் இருந்தது, ஆனால் சாலையைப் பார்க்கவில்லை. காரின் வேகமோ ஏறிக்கொண்டே இருந்தது.

பிளேயரை ஓங்கி ஒரு அடி அடித்து நிறுத்தினேன். "ஷாமினி! ஓரமா நிறுத்து! இப்பவே!" என்று கத்தினேன். நல்லவேளை, பெட்ரோல் போடுகிற எண்ணெய் நிலையம் ஒன்று வந்தது, எப்படியோ உள்ளே திருப்பி நிறுத்தினாள். இறங்கினாள், பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அதோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை.

அந்த நிலையத்தில் வேலை செய்கிற மலாய்க்காரப் பையன் எங்கள் காரைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தான். "அலமாக், காக், பானியாக் பாராங் கா?" என்றான், நிறைய சாமான் ஏற்றியிருக்கிறீர்களா என்று. பூட்டைத் திறந்து காட்டினேன். ஒரு தேங்காய், பழம், சேலை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பின்சக்கரங்கள் இரண்டும் பாதி மறைகிற அளவுக்குக் கார் உட்கார்ந்திருந்தது. பழைய ஸ்பிரிங், போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய ஸ்பிரிங் திடீரென்று நடுவழியில் போகும்தானே?

மிச்ச தூரத்தை நான் ஓட்டினேன். பயந்தேனா என்று கேட்டால், கோபம்தான் வந்தது. அடுத்த மாதம் மணவறையில் உட்கார வேண்டிய பிள்ளை, யார் இது நடுவில் வந்து உட்காருவது?

ராணி அண்ணி வாசலுக்கு வந்து கேட்டைத் திறந்தார். ஷாமினி இறங்கவில்லை, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவள் முகத்தைப் பார்த்தார், காரின் பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா பண்ணி வெச்சிருக்க சரோ?"

சொன்னேன். கேசட்டை, டெக்கை, அறுந்த நாடாவை, சிடியை எல்லாம் சொன்னேன்.

"பி பக்கம்?"

"இல்ல அண்ணி. போச்சு."

"அடிப்பாவி! கூப்புட்டுக் கூப்புட்டு வரவெச்சிட்டு, அனுப்பாம காருல வெச்சு ஊர்வலம் போயிருக்கியே!" தலையில் அடித்துக்கொண்டார். "குடு அந்த சிடிய. இங்கயே ஒடைச்சுப் போட்டுரலாம். கூப்பிடற குரல் இருக்கற வரைக்கும் அது போவாது."

"குடுக்க மாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? பொண்ணு வேணுமா, செத்துப்போனவன் குரல் வேணுமா?"

"ரெண்டும் வேணும்" என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். "பத்து வருஷமா எம்பொண்ணு அப்பா குரல் இல்லாம இருந்திருக்கா. இன்னைக்குத்தான் கெடச்சிருக்கு. கெடச்ச அன்னைக்கே ஒடைக்கணுமா? கூப்பிட்டவர் இல்ல, சரி. அனுப்பறதுக்கு என்னா வழியோ அதச் சொல்லுங்க."

"யாரு இருக்கா? பழைய ஆளுங்கல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. புதுப் பூசாரி ஸ்பீக்கர்ல பாட்டுப் போடறவரு."

"நான் பாடறேன்."

அண்ணிக்கு வாயே மூடவில்லை. "பொம்பளைங்க மலையேத்தப் பாட்டு பாடறதில்ல சரோ. நாங்கல்லாம் அந்த நேரத்துல அங்க நிக்கக்கூட மாட்டோம்."

"நீங்க நிக்க மாட்டீங்க. நான் அடுப்படியில நின்னேனே. எனக்கு மனப்பாடம் அந்தப் பாட்டு. வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?"

முறைத்தார். பிறகு உள்ளே போய் செருப்பை மாட்டிக்கொண்டு கற்பூர டப்பாவோடு வந்தார். பின்சீட்டில் ஏற மாட்டேன் என்று தன்னுடைய மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார்.

தோட்டத்து முனியாண்டி கோயில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, செம்பனைக்கு நடுவே ஒரு மரம், தகரக் கொட்டகை, சூலம், அரிவாள். நல்ல வெயில் நேரம், ஒரு ஈ காக்காய் இல்லை. காரைக் கோயிலுக்கு நேராக நிறுத்தி நாலு கதவையும் திறந்துவிட்டேன். என்ஜினை அணைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பத்திரிகை வைக்கக் கொண்டுவந்த தட்டையே எடுத்து முன்னால் வைத்தேன், அதிலிருந்த தேங்காயைத்தான் உடைத்தேன். அண்ணி எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பாடவில்லை, பேசினேன். யாரிடம் பேசினேன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது, பின்சீட்டைப் பார்த்துப் பேசினேன். "நீ இருக்கியோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இருந்தா கேட்டுக்க. உன்னக் கூப்புட்டவர் செத்துப் பத்து வருஷம் ஆச்சு. கூப்புட்டது அவர் இல்ல, மிஷின். அனுப்பறதுக்கு வேற ஆள் கெடையாது, நான்தான். பொம்பள பாடுனா எறங்க மாட்டேன்னு அடம் புடிச்சா, நீ திங்கற சோறெல்லாம் இத்தன வருஷம் ஆக்கிப் போட்டது எந்தக் கைன்னு யோசிச்சுப் பாரு. எம்பொண்ண விடு."

அண்ணி நடந்து வந்து கற்பூரத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன்.

கற்பூரத்தை ஏற்றிப் பாடினேன். எனக்குப் பாட வராது, குரல் கரகரவென்றுதான் இருக்கும். "வந்த வழி பாத்துக்கோ, வாசல் விட்டு ஏறிக்கோ, சொன்ன வாக்கக் காத்துக்கோ, சூலத்தோட சேந்துக்கோ" என்று அடி அடியாக ஞாபகம் வந்தது. அண்டாவில் சோறு கிண்டுகிற தாளத்தில்தான் எனக்கு அந்தப் பாட்டே தெரியும், கையும் தானாகக் கிண்டியது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிக்கு வந்தேன்.

மறந்துவிட்டது.

ஒரே ஒரு வரி. நூறு தடவை கேட்ட வரி. அதைப் பாடினால்தான் பாட்டு முடியும், உறுமி நிற்கும். நாக்கில் நிற்கிறது, வரவில்லை. முந்தைய வரியை மறுபடி பாடிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை. கற்பூரம் எரிந்து முடிகிறது. கார் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது, வாயை மூடிக்கொண்டு நின்றேன். "என்னாங்க, இப்பவும் வர மாட்டீங்களா நீங்க" என்று மனசுக்குள் அவரைத்தான் திட்டினேன். கற்பூரம் அணைந்தது.

செம்பனை ஓலை மட்டும் சலசலத்தது. பிறகு, நான் சத்தியமாகப் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார், காரின் பின்பக்கம் கிரீச்சென்று மேலே எழும்பியது. குண்டான ஆள் ஒருவர் இறங்கினால் எப்படி எழும்புமோ அப்படி. எழும்பி, ஒரு தரம் ஆடி, நின்றது.

"மா" என்றாள் ஷாமினி. "தாகமா இருக்குதும்மா. இங்க எதுக்கு வந்தோம்?"

தட்டிலிருந்த பழத்தை அங்கேயே உரித்துத் தின்றாள், என் பங்கையும் தின்றாள். எண்ணெய் நிலையத்துக்கு அப்புறம் அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அண்ணி வீட்டுக்குத் திரும்பிப் போய், உடைந்த தேங்காயோடும் மிச்சப் பழத்தோடும் அதே தட்டில் பத்திரிகையை வைத்து அழைத்தோம். சேலையை வாங்கிக்கொண்டு, "இனிமே அந்தப் பாட்டப் போடாத, தாயே" என்று கும்பிட்டார். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். ஷாமினி குளுவாங் போகும்போது சிடியை அவளிடமே கொடுத்தேன். காரில் வேண்டாம், வீட்டில் மட்டும் போடு, ஒரு தடவை முடிந்ததும் நிறுத்திவிடு என்று சொன்னேன். எதுக்கும் இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன், நம்பிக்கை என்று எழுதிவிடாதீர்கள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் போன் செய்தாள்.

"மா, நீ அன்னைக்குக் கோயில்ல கடைசி வரிய மறந்துட்டன்னு சொன்னேல்ல?"

"ஆமா, அதுக்கென்னா?"

"பாட முடியாம வாய மூடிக்கிட்டு நின்னன்னு அத்தைகூடச் சொன்னாங்கல்ல?"

"ஆமா லா. என்னா இப்போ?"

"அப்போ இது யாருன்னு கேளு."

போனைப் பிளேயர் பக்கத்தில் வைத்தாள். ஏ பக்கத்தின் முடிவு, எனக்குத் தெரிந்த இடம்தான், உறுமி நிற்கிறது, இரைச்சல். முன்பெல்லாம் இங்கேதான் முதலுக்குப் போகும். போகவில்லை. இரைச்சல் நீண்டது. பிறகு அந்தச் செருமல். பிறகு அவர் ஒரே ஒரு வரி பாடினார், மலையேற்றப் பாட்டின் கடைசி வரி. கூடவே ஒரு பெண் குரல், கரகரவென்று, கொஞ்சம் தாளம் தப்பி. என் குரல். என் குரல் எனக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை கணினி தெரிந்தவர், அந்த சிடியை எடுத்துப் பார்த்தார். ஒரு முறை எழுதினால் முடிந்தது, பிறகு யாராலும் சேர்க்க முடியாத வகை அது என்றார். மடிக்கணினியில் என்னிடம் இருக்கும் பதிவில் அந்த வரி இல்லை. சிடியிலிருந்து வேறு சிடிக்கு ஏற்றினால் அதிலும் வருவதில்லை. பழைய நாடாவில் ஒரு சுற்றின் சத்தம் பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும், அப்படி இருக்கலாம் என்றார் பாவம். ஒட்டிக்கொள்ளட்டும் மாப்பிள்ளை, என் குரல் எந்தச் சுற்றில் இருந்தது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் காலத்தில் நான் சோறுதான் கிண்டினேன், அவரோடு சேர்ந்து ஒரு வரிகூடப் பாடியதில்லை.

கடலில் போடு என்று அண்ணி இன்னமும் சொல்கிறார். போட மாட்டேன். குளுவாங்குக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையைப் போடச் சொல்லிக் கேட்கிறேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள், முடிந்ததும் நிறுத்திவிடுவோம். எனக்குப் பயம் இல்லை.

ஒன்றே ஒன்றைத்தான் என் மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அந்த வரியை நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கேட்கும்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறது, இதுதானே, இதையா மறந்தோம் என்று தோன்றுகிறது. சிடி நின்றதும் ஒரு சொல்கூட ஞாபகம் இருப்பதில்லை. ஷாமினிக்கும் அப்படித்தான். போன வாரம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, கேட்கக் கேட்கவே எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், தாளில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன், அவர் என்னைக் கூப்பிடுகிற மாதிரி, சரோ, சரோ, சரோ என்று வரி முழுக்க.